நாய்க்குட்டிக்கு எந்த வயசுல வேர்க்க ஆரம்பிக்கும்?

முதலமடைத் தோப்பு | மார்ச் 10, இரவு 9:40

வணக்கமுங்க. கொல்லங்கோட்டுப் பக்கம் முதலமடையில மாந்தோப்புக் காவல்ல இருக்கேன். எங்க கருப்பி பிப்ரவரி 26 அன்னைக்கு ஆறு குட்டி போட்டா. ஒண்ணு பொறக்கறப்பவே உசிரில்லை. மிச்சம் அஞ்சும் நல்லா இருக்குதுங்க. மாங்காய் கட்டற சாளையில ஒரு மூலையில வைக்கோல் போட்டு விட்டிருக்கேன். மேல சீட்டு. கும்பமே இன்னும் முடியல, மத்தியானம் ரெண்டு மணிக்கு உள்ள காலு வைக்க முடியல. வெளியிலயே 38, 39 காட்டுது.

கேக்கறதுக்கு முன்னாடி போன வருசம் நடந்ததச் சொல்லிடறேன். அப்பவும் இதே சாளை. நாலு குட்டி, பொறந்து ஒம்பது நாளு. பிஞ்சுக் குட்டிக்கு எந்நேரமும் சூடு வேணும்னு ஒருத்தர் சொன்னாருன்னு 100 வாட்டு குண்டு பல்பு தொங்கவிட்டிருந்தேன். ராத்திரிக்குச் சரியாத்தான் இருந்துச்சு. ஒருநாள் காத்தால அணைக்க மறந்துட்டு செந்தூரம் பறிக்கப் போயிட்டேன். மூணு மணிக்கு வந்து பாத்தா நாலும் நாலு மூலையில கிடக்குது. காதெல்லாம் செவந்து, வாயைத் தொறந்துட்டு. ஆனா இரைக்கல. நாக்கு வெளிய வரல. பெரிய நாயா இருந்தா இந்நேரம் நாக்கைத் தொங்கப்போட்டு இரைச்சிருக்குமேன்னு அந்தப் பதட்டத்துலயும் தோணுச்சு. அன்னைக்கு சாயந்தரத்துக்குள்ள ரெண்டு போயிருச்சு. இன்னும் மனசுல கிடக்குது.

அதனாலதான் கேக்கறேன். கருப்பி கால் மெத்தையைத் தொட்டுப் பாத்தா லேசா பிசுபிசுன்னு ஈரம் இருக்கும். குட்டிக மெத்தை பட்டு மாதிரி வழுவழுன்னு வறண்டு இருக்குது. வேர்வைச் சுரப்பி பொறக்கும்போதே இருக்குதா, பொறந்தப்புறம் வருதா? எந்த வயசு வரைக்கும் நாம பாத்துக்கணும்?

வேலந்தாவளம்காரன் | மார்ச் 10, இரவு 10:05

நாய்க்கு ஒடம்பெல்லாம் வேர்க்காதுங்க, நாக்குலதான் வேர்க்கும். எங்க அப்பாரு காலத்துல இருந்து சொல்றது. குட்டி நாக்கைத் தொங்கப்போட ஆரம்பிச்சா வேர்க்க ஆரம்பிச்சிருச்சுன்னு அர்த்தம்.

ஓய்வு கம்பவுண்டர் | மார்ச் 11, காலை 5:50

தோப்புத் தம்பி, சுரப்பி விசயத்த டீச்சர் யாராச்சும் வந்து சொல்லட்டும். நீங்க மொதல்ல இன்னைக்குப் பத்து மணிக்குள்ள செய்ய வேண்டியதச் செய்யுங்க.

அந்தச் சீட்டுக்கு அடியில இருந்து குட்டிகளை எடுத்துருங்க. ஓட்டு வீட்டுத் திண்ணை இருந்தா அங்க. இல்லைன்னா நல்ல அடர்த்தியான மாமர நெழல், நாலு பக்கம் மாங்காய்க் கிரேடு வச்சு அடைச்சு, காக்காயும் எறும்பும் வராமப் பாத்துக்கணும். சூடு பாக்கற மானி ஒண்ணு வாங்கி, குட்டி படுக்கற ஒசரத்துல கட்டுங்க. நம்ம தலை ஒசரத்துல கட்டினா பிரயோசனம் இல்லை. மொத வாரத்துக்குத்தான் 29லிருந்து 32 வேணும். உங்க குட்டிக்கு இப்ப பதிமூணு நாள் ஆச்சு, 27, 28 இருந்தாப் போதும். பகல்ல நம்மூர் காத்தே அதுக்கு மேல. அதனால பல்பு பகல்ல கண்டிப்பா வேண்டாம். ராத்திரியும் இந்த மாசத்துல வேண்டாம்.

குட்டிக படுத்திருக்கறத வச்சே தெரிஞ்சுக்கலாம். ஒண்ணு மேல ஒண்ணு குமிஞ்சு கிடந்தா குளிருது. பக்கத்துல பக்கத்துல ஒட்டாம ஒட்டிப் படுத்துத் தூங்கினா சரியா இருக்குது. ஆளுக்கொரு மூலைக்கு நகர்ந்து, சும்மா சும்மா கத்திட்டுக் கிடந்தா வெக்கை தாங்கல. போன வருசம் நீங்க பாத்த நாலு மூலை அதுதான் தம்பி. பல்புக்குத் தப்பிச்சு நகர்ந்திருக்குது, அதுக்கு மேல போக எடமில்லை. முப்பது வருசம் மிருகாஸ்பத்திரியில இருந்தவன் சொல்றேன், வெக்கையில வந்த குட்டியில பாதி வீட்டுக்காரங்க பாசத்தால அப்படி ஆனது. நீங்க உங்களையே குத்தம் சொல்லிக்காதீங்க.

சாக்கை நனைச்சுக் காத்து வர்ற பக்கம் தொங்கவிடுங்க. குட்டி மேல போடாதீங்க. கெணத்துத் தண்ணியில முக்கவும் கூடாது. கருப்பிக்குக் குடிக்கத் தண்ணி பக்கத்துலயே இருக்கட்டும், அவ குடிச்சாத்தான் இதுகளுக்குப் பால்.

வேலந்தாவளம் தம்பிக்கு: நாக்குல வேர்வை இல்லை சாமி. அது எச்சில்.

சித்தூர் விலங்கியல் | மார்ச் 11, இரவு 8:30

ஐயா சொன்னதை முதலில் செய்யுங்கள். இரவு நேரம் கிடைத்ததால் கேள்விக்கு வருகிறேன். கல்லூரியில் பாலூட்டிகளின் தோல் பற்றிப் பாடம் எடுக்கும்போது ஒவ்வொரு ஆண்டும் பிள்ளைகள் ‘நாய்க்கு நாக்கில் வியர்க்கும்’ என்றுதான் எழுதுகிறார்கள். ஆகவே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நாய் உடம்பில் இரண்டு விதமான வியர்வைச் சுரப்பி உண்டு. ஒன்று, முடி இருக்கும் தோல் முழுக்க. ஒவ்வொரு முதன்மை முடிக்குழியோடும் ஒட்டி, அந்தக் குழிக்குள்ளேயே வாய் திறப்பது. இது சுரப்பது சொட்டாக வழியாது. முடியடியில் எண்ணெய்ப் பசையோடு கலந்து, அந்த நாய்க்கு உரிய வாடையைக் கொடுக்கும். உடம்பைக் குளிர்விக்க இதை நம்ப முடியாது. ஆனாலும் இது செத்த சுரப்பி அல்ல. 1951இல் ஆவோகி, வாடா என்ற இரண்டு ஜப்பானிய ஆய்வாளர்கள் நாயின் முடித்தோலில் மருந்தைச் செலுத்தி, அங்கே வியர்வை வருவதைக் காட்டினார்கள். நம்மைப் போல வெயிலில் நின்றதும் உடம்பு முழுக்க ஒரே நேரத்தில் சுரக்கும் ஏற்பாடுதான் அதற்கு இல்லை.

இன்னொன்று நீங்கள் தொட்டுப் பார்த்த இடம், பாத மெத்தை. மனிதனின் உள்ளங்கையில் இருக்கும் அதே வகைச் சுரப்பி நாயில் இங்கே மட்டும்தான் நிறைய இருக்கிறது. வெட்டுத்துண்டை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால் அழகாக இருக்கும். மேலே தடித்த கொம்புப்படலம், சின்னச் சின்னக் கூம்புகளாக. அதன் கீழே தோல். அதற்கும் கீழே மெத்தையின் கொழுப்பு, வெள்ளை வெள்ளையாகக் குமிழ் போல. அந்தக் கொழுப்புக்குள் கலைந்த நூல்கண்டு மாதிரி சுருண்டு கிடப்பதுதான் சுரப்பி. அங்கிருந்து ஒற்றைக் குழாய் தோலைத் துளைத்து, கொம்புப்படலத்தையும் துளைத்து மேலே வந்து வாய் திறக்கிறது.

இந்தக் கட்டுமானத்துக்கு அடிக்கல் தாய் வயிற்றிலேயே போடப்பட்டுவிடும். மேல்தோலிலிருந்து ஒரு முளை கீழ்நோக்கி இறங்கும். முதலில் அது நேரான, துளையில்லாத தண்டு. பிறகுதான் அடிநுனி சுருளும், நடுவில் துளை விழும். நாயின் கர்ப்பகாலம் 63 நாள் அளவுதான். கண், காது திறக்காமல் பிறக்கும் உயிர் அது. அதுபோலவே பாத மெத்தையும் முடிவுபெறாமல்தான் பிறக்கிறது. நீங்கள் பட்டு மாதிரி என்று எழுதியது சரியான வார்த்தை. கூம்புகள் முரடாகவில்லை, கொழுப்பு மெத்தை தடிக்கவில்லை, கருப்பு நிறமும் முழுதாக ஏறவில்லை. மெத்தை தடிக்கத் தடிக்கத்தான் குழாய் நீளும், சுருள் பெரிதாகும்.

நான் மிகவும் நேசிக்கும் விஷயம் இதற்கு அப்புறம்தான். சுரப்பி உருவாகிவிட்டால் மட்டும் வியர்க்காது. நரம்பு வந்து சேர வேண்டும். எலிக்குட்டிகளின் பாதத்தில் ஸ்டோரி லாண்டிஸ் என்ற அமெரிக்க நரம்பியலாளரும் அவருடைய கூட்டத்தாரும் 1980களில் இதை நாள் நாளாகப் பின்தொடர்ந்தார்கள். பிறந்த முதல் நாட்களில் சுரப்பியை நோக்கி வரும் நரம்பிழை நார்அட்ரினலின் என்ற பொருளை வைத்திருக்கிறது. வந்து சுரப்பியைத் தொட்டபின் சுரப்பி ஏதோ ஒரு சேதியைத் திருப்பி அனுப்புகிறது. அதைக் கேட்டு நரம்பு தன் சரக்கையே மாற்றிக்கொண்டு அசிட்டைல்கோலினைச் சுரக்கத் தொடங்குகிறது. நரம்பை மாற்றுவது சுரப்பி. அந்தச் சுரப்பிக்கு வியர்க்கக் கற்றுக்கொடுப்பது நரம்பு. பிறந்த உடனே அந்த நரம்பை அழித்துவிட்டால், சுரப்பி பார்வைக்கு ஒழுங்காக வளர்கிறது, ஆனால் மருந்து கொடுத்தாலும் வியர்ப்பதில்லை. எலியில் இந்தப் பேச்சுவார்த்தை மூன்று வாரத்துக்குள் முடிந்துவிடுகிறது. எலியின் நாள்கணக்கை அப்படியே நாய்க்குப் போடக்கூடாது. முறை ஒன்று, வேகம் வேறு.

ஆகவே உங்கள் கேள்விக்கு: சுரப்பியின் முளை பிறக்கும்போதே இருக்கிறது. வேலை செய்வது பிறந்தபின்.

முதலமடைத் தோப்பு | மார்ச் 11, இரவு 9:15

டீச்சர், ரெண்டு தடவ படிச்சேன். எங்க பாப்பாவுக்கும் படிச்சுக் காட்டினேன், ஏழாவது படிக்கறா. குட்டிகள காத்தாலயே திண்ணைக்கு மாத்தியாச்சு. மத்தியானம் 31 காட்டுச்சு, சாளையில அதே நேரம் 41. அஞ்சும் நீட்டிப் படுத்துத் தூங்குச்சு. ஐயாவுக்கு ரொம்ப நன்றிங்க.

ஒரு சந்தேகம். மெத்தை வேர்த்து நாய் ஒடம்பு குளுந்துருமா? அஞ்சு விரல் அகலம்கூட இல்லையே.

சித்தூர் விலங்கியல் | மார்ச் 11, இரவு 9:50

குளிராது. நல்ல கேள்வி. பாத வியர்வை முக்கியமாகப் பிடிப்புக்குத்தான். காய்ந்த தாளைப் புரட்ட நாம் விரலை ஈரப்படுத்துகிறோமே, அது மாதிரி. ஓரளவு வாடையைத் தரையில் விட்டுப்போகவும் உதவும். உடம்பைக் குளிர்விக்கிற பெரிய வேலை இரைப்பதற்குத்தான். நிதானமாக இருக்கும் நாய் நிமிடத்துக்கு 20, 30 தடவை மூச்சு விடும். இரைக்கும்போது 300க்கு மேல் போகும். அத்தனை வேகமாக மூச்சு விட்டால் அந்த உழைப்பிலேயே சூடாகாதா என்று கேட்கலாம். 1962இல் க்ராஃபோர்ட் என்பவர் அளந்து பார்த்துச் சொன்னார்: நெஞ்சுக்கூட்டுக்கு என்று இயல்பான ஓர் ஆட்ட வேகம் உண்டு, ஊஞ்சலுக்கு இருப்பது போல. நாய் சரியாக அந்த வேகத்தில்தான் இரைக்கிறது. ஊஞ்சலை அதன் போக்கில் தள்ளினால் கை வலிக்காது அல்லவா, அப்படி.

மூக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. மூக்கு நுனியின் கருப்புத் தோலில் வியர்வைச் சுரப்பியே கிடையாது. உள்ளே பக்கவாட்டில் ஒரு சுரப்பி இருக்கிறது, வெப்பம் ஏறினால் அதிலிருந்து நீர் வரும். இரைக்கும் நாய் பெரும்பாலும் மூக்கால் இழுத்து வாயால் விடுகிறது. உள்ளே போகும் காற்று அந்த நீரை ஆவியாக்கிக்கொண்டே போகும்.

பிறந்த குட்டியிடம் இந்த எதுவும் தயாராக இல்லை. நடுங்கிச் சூடேற்றிக்கொள்ளவும் முதல் வாரத்தில் தெரியாது, இரைத்துக் குளிரவும் தெரியாது. அதன் உடல் வெப்பமே முதல் வாரம் 35லிருந்து 37 டிகிரிக்குள்தான். நாலாவது வாரம் வாக்கில்தான் பெரிய நாயின் 38, 39ஐ எட்டும். உங்கள் போன வருடத்துக் குட்டிகள் ஏன் இரைக்கவில்லை என்பதற்கு இதுதான் பதில்.

வேலந்தாவளம்காரன் | மார்ச் 12, காலை 7:10

இத்தன வருசமா தப்பா நெனச்சிருக்கேன். நன்றி டீச்சர்.

கோபாலபுரம் பால்வண்டி | மார்ச் 12, பகல் 1:20

குட்டி முடிய வெட்டி விட்டா வெக்கை கொறையுமா? எங்க வீட்டுல லேப் குட்டி இருக்குது, ரெண்டு மாசம்.

ஓய்வு கம்பவுண்டர் | மார்ச் 12, மாலை 6:00

வேண்டாம். ரெண்டு மாசத்துக் குட்டிக்கு இருக்கறது ஒத்தை முடிதான். அடிமுடி, அதாவது ஒரே துவாரத்துல கொத்தா வர்ற முடி, மூணு மாசத்துக்கு மேல ஆறு மாசம் வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமா வரும். இருக்கறதையும் செரைச்சா வெயில் நேரா தோல்ல அடிக்கும். தண்ணியும் நெழலும் குடுங்க, மத்தியானம் தார் ரோட்டுல நடத்தாதீங்க. அந்த மெத்தை இன்னும் பிஞ்சு.

லயத்து வாசல் | மார்ச் 13, இரவு 7:45

மூணாறு பக்கம் தேயிலை எஸ்டேட்டிலிருந்து எழுதுகிறேன். நீங்கள் எல்லாரும் வெக்கையைப் பற்றிப் பேசுகிறீர்கள், எங்களுக்கு நேர்மாறு. ஜனவரியில் புல்லின் மேல் உறைபனி விழுந்த காலையில் எங்கள் லயத்துக்குப் பின்னால் விறகுக் கொட்டகையில் ஒரு நாய் குட்டி போட்டிருந்தது. ஒன்று மட்டும் தனியாக உருண்டு வந்து ஈரச் சிமிட்டியில் கிடந்தது. கையில் எடுத்தால் பச்சைத் தேயிலை மாதிரி சில்லென்று இருந்தது. பால் ஊற்றினோம். குடிக்கவே இல்லை, மூக்கு வழியாக வந்துவிட்டது. அது பிழைக்கவில்லை. நாங்கள் செய்ததில் என்ன தவறு என்று ஐயா சொன்னால் அடுத்த முறை உதவும்.

ஓய்வு கம்பவுண்டர் | மார்ச் 13, இரவு 8:30

அம்மா, தப்புன்னு சொல்ல மாட்டேன், யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டாங்க. சில்லிட்ட குட்டிக்குப் பால் குடுக்கக்கூடாது. குளுந்த வயித்துல செரிமானம் நின்னு போயிருக்கும், உறிஞ்சி விழுங்கற தெம்பும் இருக்காது, நெஞ்சுக்குப் போயிரும். மொதல்ல சூடு. அதுவும் அவசரச் சூடு கூடாது. ரவிக்கைக்குள்ள, வயித்தோட ஒட்டி வச்சுக்கங்க, மேல கம்பளி. ஒரு மணி நேரமோ ரெண்டு மணி நேரமோ ஆகட்டும். அடுப்புப் பக்கத்துல நேரா வைக்காதீங்க. கை கால் அசைஞ்சு, வாய்ல விரல் வச்சா உறிஞ்ச ஆரம்பிச்சப்புறம்தான் பால். தாய்கிட்டயே விட்டா இன்னும் நல்லது.

உங்க குளிரும் தம்பியோட வெக்கையும் ஒரே விசயந்தான். அந்த வயசுல சூடும் குளிரும் வெளிய இருந்துதான் வரணும்.

லயத்து வாசல் | மார்ச் 13, இரவு 8:50

எழுதி வைத்துக்கொண்டேன் ஐயா. பக்கத்து வீட்டு அக்காவுக்கும் சொல்கிறேன்.

நகரிப் பக்கம் | மார்ச் 16, இரவு 10:30

வணக்கம். நான் ஆந்திரா நகரி, திருத்தணி தாண்டி இந்தப் பக்கம். டீச்சர் எழுதினதப் படிச்சப்ப எங்க வீட்டு ஆண் குட்டி ஒண்ணு ஞாபகம் வந்துச்சு. பொறக்கும்போதே நெத்தியில, இடுப்புக்கு மேல வட்டமா முடி இல்ல. சொறின்னு நெனச்சு வேப்பெண்ணெய் தடவினோம். பல்லு வர்ற வயசுல பாதிப் பல்லு வரவே இல்ல, வந்ததும் ஊசி மாதிரி கூரா. எப்பப் பாத்தாலும் கண்ணுல பீளை, இருமல். ஒன்றரை வயசுல நெஞ்சு சளி கட்டி செத்துப் போச்சு. அதோட கால் எப்பவும் காஞ்சு வெடிச்சே இருக்கும். இதுக்கும் சுரப்பிக்கும் சம்பந்தம் இருக்கா?

சித்தூர் விலங்கியல் | மார்ச் 17, இரவு 9:00

நகரித் தம்பி, இறந்துபோன குட்டிக்கு இங்கிருந்து நோய்ப் பெயர் வைப்பது முறையல்ல. ஆனால் நீங்கள் சொன்ன அத்தனையும் ஒன்றாகச் சேரும் ஒரு பிறவிக் குறை உண்டு. அதை எழுதாமல் விட எனக்கு மனம் வரவில்லை, ஏனென்றால் இந்த இழையின் கேள்விக்கே அதுதான் நேரடிச் சாட்சி.

முடி, பல், வியர்வைச் சுரப்பி மூன்றும் மேல்தோலின் ஒரே மாதிரியான முளையிலிருந்து வருபவை. அந்த முளை இறங்க எக்டோடிஸ்பிளாசின் என்ற ஒரு புரதம் வேண்டும். அதன் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. ஆணுக்கு எக்ஸ் ஒன்றே ஒன்று, அதனால் பழுது ஆண்களிடம்தான் முழுதாகத் தெரியும். பாத மெத்தையில் சுரப்பி இராது. மூச்சுக்குழாயின் உள்சுவரில் சளி சுரக்கும் சுரப்பிகளும் குறையும். அழுக்கு வெளியேறாமல் நெஞ்சு சளி திரும்பத் திரும்ப வரும். கண்ணீரும் குறையும், அதனால் பீளை. இது மனிதரிலும் உண்டு. சிந்து தேசத்தில் ஒரு குடும்பத்தில் நாலு தலைமுறையாக ஆண்கள் பல் குறைவாக, முடி குறைவாக, வெயில் தாங்க முடியாமல் இருந்ததை 1875இல் சார்லஸ் டார்வின் பதிவு செய்திருக்கிறார். மகள்களுக்கு வராமல், மகள்களின் மகன்களுக்கு வந்ததையும் கவனித்திருக்கிறார்.

2007இல் அமெரிக்காவில் மார்கரெட் கசால் என்ற கால்நடை மருத்துவரும் அவருடன் இருந்தவர்களும் இந்தக் குறையோடு பிறந்த நாய்க்குட்டிகளுக்கு அந்தப் புரதத்தை ரத்தக்குழாயில் ஏற்றினார்கள். பிறந்த சில நாட்களிலிருந்து. அந்தக் குட்டிகளுக்குப் பின்னால் முளைத்த பற்கள் ஒழுங்காக வந்தன, கண்ணீர் வந்தது, நெஞ்சு சளி குறைந்தது, பாதம் வியர்த்தது. சுரப்பி இல்லாமலே இருந்திருக்க வேண்டிய பாதம் அது! பிறந்தபின் கொடுத்தது பலித்தது என்றால், நாய்க்குப் பிறந்தபின்னும் அந்தக் கதவு திறந்திருக்கிறது என்று பொருள். அதே புரதத்தை மனிதக் குழந்தைகளுக்குப் பிறந்தபின் கொடுத்தபோது பலன் இல்லை. நமக்கு வியர்வைச் சுரப்பியின் முளைகள் தாய் வயிற்றிலேயே இறங்கி முடிந்துவிடுகின்றன. ஆகவே ஜெர்மனியில் எர்லாங்கன் நகரத்து மருத்துவர்கள் கருவில் இருக்கும்போதே பனிக்குட நீரில் அதைச் செலுத்தினார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு வியர்த்தது. 2018இல் அறிக்கை வந்தது.

நாய் மட்டும் இல்லையென்றால் அந்தப் பிள்ளைகளுக்கு வழி பிறந்திருக்குமா என்று தெரியாது. பாடம் எடுக்கும்போது இந்த இடத்தில் எனக்குக் குரல் தழுதழுத்துவிடும்.

நகரிப் பக்கம் | மார்ச் 17, இரவு 9:40

அந்தக் குட்டியோட அம்மா இன்னும் எங்க வீட்டுலதான் இருக்கு. அடுத்த ஈத்துல ஆண் குட்டிகளுக்கும் இப்படி வரலாமா அக்கா?

சித்தூர் விலங்கியல் | மார்ச் 17, இரவு 10:00

இதே குறை என்றால் வரலாம். தாய் வெளியே நன்றாக இருந்தாலும் சுமந்துகொண்டிருக்கக்கூடும், அவள் ஆண் குட்டிகளில் பாதிப் பேருக்கு வர வாய்ப்பு. இனி ஈனவிடாமல் கருத்தடை செய்துவிடுவது நல்லது. கால்நடை மருத்துவரிடம் பல்லையும் முடியையும் பற்றிச் சொன்னதை அப்படியே சொல்லுங்கள்.

முதலமடைத் தோப்பு | ஏப்ரல் 4, காலை 6:20

நேத்து நென்மாறைக் கோயில்ல வேலா திருவிழா. நாங்க போகல, ஆனா வெடிக்கட்டு இங்க வரைக்கும் அதிருச்சு. கருப்பி கட்டிலுக்கு அடியிலயும் வாசலுக்குமா நடந்துட்டே இருந்தா. எங்க திண்ணை காவிச் சிமிட்டி போட்ட தரை, கண்ணாடி மாதிரி. லைட்டு வெளிச்சத்துல பாத்தா அவ நடந்த எடமெல்லாம் ஈரக்கால். நாலு விரல் மெத்தையும் பெரிய மெத்தையும் தனித்தனியா பதிஞ்சு, ரெண்டு எண்ணறதுக்குள்ள காய்ஞ்சு போகுது. மீனத்து வெயில்ல நடந்தப்பகூட இத்தன ஈரம் நான் பாத்ததில்லை. ராத்திரி பத்து மணிக்கு, காத்து அடிக்கற நேரத்துல இவ்வளவு ஏன் டீச்சர்?

குட்டிகளுக்கு 36 நாள். அதுகளும் முழிச்சுத்தான் இருந்துச்சு. ஒரு காலும் பதியல.

சித்தூர் விலங்கியல் | ஏப்ரல் 4, மாலை 5:30

பரீட்சை மண்டபத்தில் பிள்ளைகளின் உள்ளங்கை நனைவதும் கருப்பியின் கால் நனைந்ததும் ஒன்றுதான். உள்ளங்கை, பாத மெத்தைச் சுரப்பிகள் வெயிலைவிடப் பயத்துக்குத்தான் வேகமாகப் பதில் சொல்லும். அந்த நரம்பின் நுனியில் அசிட்டைல்கோலின்தான் வெளிப்படுகிறது என்பதை 1934இல் டேல், ஃபெல்ட்பெர்க் இருவரும் பூனையின் பாதத்தை வைத்தே நிரூபித்தார்கள்.

குட்டிகளின் கால் பதியாததால் சுரப்பி இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். பயப்படவும் வயது வேண்டும். ஐந்து வாரக் குட்டிக்கு வெடிச்சத்தம் இன்னும் அச்சமாக மாறாமல் இருக்கலாம். நரம்பு சேதி அனுப்பினால்தானே சுரப்பி பதில் சொல்லும்.

முதலமடைத் தோப்பு | ஏப்ரல் 14, பகல் 11:00

எல்லாருக்கும் விஷு, சித்திரைப் புத்தாண்டு வாழ்த்துங்க. கணி பாத்து முடிச்சதும் பக்கத்து வீட்டுப் பசங்க பட்டாசு விட்டாங்க. இன்னைக்கு 47 நாள். பாப்பா சத்தம் போட்டுக் கூப்பிட்டா. வெள்ளைக்காலன் ஓடின எடத்துல தரையில சின்னச் சின்ன ஈரம். மெத்தை அளவுக்கே பொட்டு பொட்டா. வந்துருச்சு டீச்சர்!

சித்தூர் விலங்கியல் | ஏப்ரல் 14, பகல் 2:15

வாழ்த்துகள். சந்தோஷத்தைக் கெடுக்க எழுதவில்லை, ஆனால் கேட்டே ஆக வேண்டும். தண்ணீர்ச் சட்டியை மிதித்திருக்குமா? பயத்தில் சிறுநீர் விட்டிருக்குமா? காலை நக்கியிருக்குமா? மூன்றும் ஈரக்கால்தான் பதிக்கும்.

இப்படிச் செய்து பாருங்கள். காலைப் பஞ்சால் நன்றாகத் துடைத்து, ஐந்து நிமிடம் பாப்பா மடியில் வைத்திருக்கட்டும், நக்க விடாமல். பிறகு ஒரு சுத்தமான கண்ணாடித் துண்டை, ஓரம் கூராக இல்லாததாக, மெத்தையில் மெல்ல அழுத்தி எடுங்கள். எந்தத் தோலில் கண்ணாடி வைத்தாலும் ஒரே சீராக மங்கலான ஆவி படியும், அது வியர்வை அல்ல. ஊசி முனையளவு தனித்தனிப் புள்ளி தெரிந்தால் அது குழாய்வாய். அயோடின், மாவு பூசிப் பார்க்கிற சோதனையும் உண்டு, ஆனால் குட்டி நக்கிவிடும், வேண்டாம்.

ஓய்வு கம்பவுண்டர் | ஏப்ரல் 14, மாலை 6:40

குட்டி பயந்திருக்கற நேரத்துல இதுக்காகத் திரும்ப பட்டாசு வெடிக்க வேண்டாம். புது எடத்துக்குத் தூக்கிட்டுப் போனாலே போதும். தடுப்பூசி நாளும் வருதே, அன்னைக்குப் பாருங்க.

முதலமடைத் தோப்பு | ஏப்ரல் 18, இரவு 8:20

இன்னைக்கு மிருகாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனோம். மாங்காய்க் கிரேடுல அஞ்சும். பாப்பாவோட பழைய கைக்கண்ணாடி எடுத்துட்டுப் போயிருந்தோம். ஊசி போடறதுக்கு முன்னாடி வராந்தாவுல ஒவ்வொண்ணாத் தொடைச்சு, அஞ்சு நிமிசம் கடிகாரம் பாத்து வச்சோம். டாக்டரம்மாவும் வந்து நின்னு பாத்தாங்க.

வெள்ளைக்காலனுக்குப் புள்ளி வந்துச்சு டீச்சர். நீங்க சொன்ன ஆவி மொதல்ல படிஞ்சு மறஞ்சுது. அது மறஞ்சப்புறமும் நின்னது பொடிப்பொடிப் புள்ளி, கடுகைவிடச் சின்னது, பெரிய மெத்தை எடத்துல பதினாலு எண்ணினா பாப்பா. வெரல் மெத்தைல கம்மி. செவலைக்கும் அவ தங்கச்சிக்கும் முன்னங்காலுல வந்துச்சு, பின்னங்காலுல ஆவி மட்டும். குண்டனுக்கு ரொம்ப லேசா, டாக்டரம்மா இருக்குதுன்னாங்க, எனக்கு உறுதியாத் தெரியல.

அஞ்சாவது, எல்லாத்தலயும் சின்னவ, அவளுக்கு ரெண்டு தடவ வச்சும் ஆவிதான். எடையும் அவதான் கம்மி, மத்ததுகளவிட கால் கிலோ கொறச்சல். பல்லு, முடியெல்லாம் சரியா இருக்குதான்னு நகரித் தம்பி எழுதினத நெனச்சு டாக்டரம்மாவ வாயத் தொறந்து பாக்கச் சொன்னேன். பல்லு எல்லாம் இருக்குது, முடியும் நல்லா இருக்குது, மெல்ல வளர்ற குட்டின்னு சொன்னாங்க. பூச்சி மருந்து குடுத்திருக்காங்க. இன்னும் வெக்கை கொறையல, அவளத் திண்ணைலயேதான் வச்சிருக்கேன், மத்தியானம் சாக்கு நனைச்சுக் கட்டறேன். அடுத்த ஊசிக்குப் போறப்ப கண்ணாடியும் எடுத்துட்டுப் போய் மறுபடியும் பாத்துட்டு எழுதறேன்.